எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், ஆனால் துடிப்பு தப்பிக்கொண்டே இருக்கிறது

தண்டையார்பேட்டை தையல்காரி
செவ்வாய், இரவு 11.48

வணக்கம். எனக்கு 41 வயது. தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே மெஷின் வைத்து ரவிக்கை, பள்ளிச் சீருடை தைக்கிறேன். இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் ஒன்று நடக்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு தையல் விட்டுப்போகுமே, அதேபோல் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது. அடுத்த நொடியில் ஒரு பெரிய இடி. அது தொண்டைவரை வந்து முட்டுகிறது. சில நாள் நான்கைந்து முறை. சில நாள் இரவு முழுவதும். பிறகு மூன்று வாரம் ஒன்றுமே இருக்காது. போய்விட்டது என்று நிம்மதியாகும் வாரத்தில் திரும்பவும் வந்துவிடும்.

ஈசிஜி ஆறு முறை எடுத்தாகிவிட்டது. எக்கோ இரண்டு முறை, டிரெட்மில் ஒரு முறை. தைராய்டு, ரத்த அளவு, பொட்டாசியம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாமே நார்மல். போன மாதம் ஒரு மருத்துவமனையில் ஃபைலை மூடிக் கையில் கொடுத்து, "உங்களுக்கு ஒன்றும் இல்லை அம்மா, மனதை வேறு எதிலாவது செலுத்துங்கள்" என்றார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மூன்று முறை அடுத்தடுத்து வந்தது. கைப்பையில் நார்மல் என்று எழுதிய தாள், நெஞ்சில் இது. எதை நம்புவது?

கணவருக்கு மணலியில் இரவு ஷிஃப்ட். பையன் பத்தாம் வகுப்பு. அவனை எழுப்பிப் பயமுறுத்தக் கூடாது என்று இருட்டில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதோடு வாழ்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காசிமேடு மெக்கானிக்
புதன், அதிகாலை 4.20

இருக்கிறேன் தங்கை. எனக்கு 52 வயது. பன்னிரண்டு வருடமாக இருக்கிறது.

விசைப்படகு இன்ஜின் வேலை எனக்கு. டீசலில் காற்று புகுந்துவிட்டால் இன்ஜின் ஒரு அடி விழுங்கிவிட்டு அடுத்த அடியை ஓங்கிப் போடும். என் நெஞ்சும் அப்படித்தான் செய்தது. முதல் வருடம் நான் செத்தே போய்விடுவேன் என்று நினைத்தேன். வேலை முடிந்ததும் படகைக் கடலுக்குள் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். கரையை விட்டுப் போகவே பயந்தேன், நடுக்கடலில் வந்தால் யார் தூக்குவது என்று. இரண்டு மாதம் வேலையைத் தட்டிக்கழித்தேன்.

எனக்கும் எக்கோ, டிரெட்மில் இரண்டும் நார்மல். கடைசியில் ஒரு டாக்டர் 24 மணி நேரக் கருவி ஒன்றை மாட்டிவிட்டார். அதில்தான் பிடிபட்டது. இது எக்டோபிக், அதாவது நடுவில் புகும் கூடுதல் துடிப்பு, இதயத்தின் கட்டமைப்பு நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போ என்றார். போகிறேன்.

ஒன்று கவனித்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். எங்களுக்குப் பழுது வேலை அதிகம். வெயிலில் வியர்த்துக் கொட்டும், தண்ணீர் குடிக்க மறந்துவிடும், டீ மட்டும் எட்டு ஒன்பது டம்ளர் போகும். அந்த இரண்டு மாதத்தில் எனக்கு இது கூடுதலாக வரும். ஆனால் இன்ஜின் சத்தத்துக்குள் நிற்கும்போது ஒரு முறைகூட உணர்ந்ததில்லை. வீட்டுக்கு வந்து பாயில் இடப்பக்கம் சாய்ந்தவுடன் வந்துவிடும். உனக்கும் எந்தப் பக்கம் படுத்தால் வருகிறது என்று பார்.

எண்ணூர் அத்தை
புதன், காலை 9.05

இது வாயு. எனக்கும் இருந்தது. சாப்பிட்டவுடன் படுக்காதே, சீரகத் தண்ணீர் குடி, இரவில் பருப்பு சேர்க்காதே. ஆறு மாதத்தில் எனக்கு நின்றுவிட்டது. என் மருமகளுக்கும் படபடப்பு வந்தபோது, என் தங்கைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த படபடப்பு மாத்திரை வீட்டில் இருந்தது. அதில் ஒன்று கொடுத்தேன். தூங்கிவிட்டாள்.

பழைய ஈசிஜி அறை
புதன், காலை 10.30

எண்ணூர் அக்கா, முதலில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள். படபடப்புக்கு அதிகமாக எழுதிக் கொடுப்பது புரோப்ரனலால் போன்ற மருந்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே துடிப்பு மெதுவாக உள்ளவர்களுக்கு இன்னும் மெதுவாக்கிவிடும். உங்கள் தங்கைக்குச் சரியானது உங்கள் மருமகளுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நான் ராயபுரத்தில் இருக்கிறேன். 31 வருடம் ஈசிஜி எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் ஒரு தாளும் இன்னொரு தாளும் எங்கே வேறுபடும் என்று இந்தக் கண்களுக்குத் தெரியும்.

தையல்கார அம்மா, உங்கள் ஆறு ஈசிஜியும் நார்மல் என்பதில் பொய் எதுவும் இல்லை. ஒரு தாளில் பதிவாவது ஏறத்தாழ 10 விநாடி. ஒரு நாளில் 86,400 விநாடிகள். ஆறு முறை எடுத்தாலும் மொத்தம் ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் நெஞ்சு அமைதியாக இருந்தது என்பதைத்தான் அந்தத் தாள்கள் சொல்கின்றன. எத்தனையோ பேர் படுக்கையில் படுத்துக்கொண்டு, "இப்போது வர மாட்டேன் என்கிறதே சிஸ்டர்" என்று என்னிடம் அழுதிருக்கிறார்கள். ரோல் முடியும்வரை ஓடவிட்டுக் காத்திருந்திருக்கிறேன். அவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கும்போது, "இதோ வந்துவிட்டது" என்பார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், இது தெரிந்தால் பயம் பாதி குறையும். துடிப்பு விட்டுப்போகவில்லை. முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இதயத்தின் மேலறையில் இருக்கும் இயற்கையான முடுக்கிதான் ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டளை கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே வேறொரு இடத்திலிருந்து ஒரு பொறி கிளம்பிவிடுகிறது. அந்த நேரத்தில் அறைக்குள் ரத்தம் முழுதாக நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்பு வலுவில்லாமல் போகிறது, மணிக்கட்டில் கைக்குத் தட்டுப்படுவதும் இல்லை. அதன்பின் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தம் நிரம்புகிறது. அடுத்த துடிப்பு அத்தனையையும் சேர்த்துத் தள்ளுகிறது. நீங்கள் இடி என்கிறீர்களே, அது அந்த நல்ல துடிப்புதான்.

இடப்பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவருக்கு இன்னும் நெருங்கி வரும், அதனால் கூடுதலாகத் தெரியும். இரவில் துடிப்பு வேகம் குறைவு, நடுவில் இவை புகுவதற்கு இடம் கிடைக்கும். வாயு என்று அக்கா சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது. வயிற்றுக்கும் இதயத்துக்கும் பொதுவாக வேகஸ் என்ற நரம்பு ஓடுகிறது. வயிறு உப்பினால் சிலருக்கு இது கிளம்புகிறது. அதற்காக நெஞ்சில் வருவதையெல்லாம் வாயு என்று சோதிக்காமலே முடிவு கட்டக் கூடாது.

மெக்கானிக்குக்கு மாட்டினார்களே, அந்த 24 மணி நேரக் கருவி, அதற்குப் பெயர் ஹோல்ட்டர். உங்களுக்கு அதை எடுத்தார்களா? உங்கள் பட்டியலில் அது இல்லையே.

தண்டையார்பேட்டை தையல்காரி
புதன், மதியம் 1.15

இல்லை அம்மா. அந்தப் பெயரை இப்போதுதான் கேட்கிறேன். முந்திக்கொண்டு வருகிறது என்று நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன். மெஷினைக்கூட நிறுத்திவிட்டேன். மெக்கானிக் அண்ணா, எனக்கும் இடப்பக்கம்தான்.

கொருக்குப்பேட்டை மகன்
புதன், இரவு 8.40

எல்லோரும் ஆறுதல் சொல்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்கவும்.

என் அம்மாவுக்கும் இதையேதான் சொன்னார்கள். பதற்றம், வயது, மாதவிடாய் நிற்கும் காலம், மனதை அமைதியாக வையுங்கள். ஒன்றரை வருடம் இப்படியே போனது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். நெற்றியில் ஏழு தையல். வெயில் என்றார்கள். இரண்டாவது முறை வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே நினைவு தப்பியது. அதற்குப் பிறகுதான் பல நாள் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி வைத்தார்கள். துடிப்பு ஐந்து விநாடி நின்று நின்று வருவது தெரிந்தது. பேஸ்மேக்கர் வைத்தோம். இப்போது நன்றாக இருக்கிறார், மூன்று மாடி ஏறுகிறார்.

முதல் முறை விழுந்த அன்றே யாராவது அந்தக் கருவியை வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? மெக்கானிக் அண்ணா வேலைக்குப் போய்விட்டேன் என்று எழுதியதைப் படித்துவிட்டு, என் அம்மாவைப் போன்ற ஒருவர் சும்மா இருந்துவிடக் கூடாது. அந்த பயத்தில்தான் எழுதுகிறேன்.

காசிமேடு மெக்கானிக்
வியாழன், அதிகாலை 4.35

தம்பி, கோபம் நியாயமானது. நான் மயங்கி விழுந்ததே இல்லை. அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

பழைய ஈசிஜி அறை
வியாழன், காலை 11.00

மகன் சொன்னது மிக முக்கியம். நானும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

துடிப்பு தப்புவதோடு நினைவு தப்பினாலோ, கண் இருண்டு விழப்போவது போல ஆனாலோ அது வேறு கதை. நெஞ்சுவலி, மூச்சுவாங்கல் சேர்ந்தாலும் அப்படித்தான். ஓடும்போது, மாடி ஏறும்போது, பாரம் தூக்கும்போதே வருகிறது என்றால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில், காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நம் பக்கத்தில், "மாமா தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்துவைத்தவர்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். மாமாவுக்கு 34 வயது என்பது மூன்றாவது கேள்வியில்தான் வெளியே வரும். மயக்கமோ நெஞ்சுவலியோ அந்த நேரத்திலேயே இருந்தால் ஆட்டோ தேட வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

தையல்கார அம்மா, இவற்றில் எதுவாவது உங்களுக்கு உண்டா?

தண்டையார்பேட்டை தையல்காரி
வியாழன், மதியம் 2.10

மயக்கம் இல்லை. மாடி ஏறும்போது வராது, ஏறி முடித்து உட்கார்ந்த பிறகு வரும். குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை, அம்மாவிடம் இன்று கேட்டுவிட்டேன்.

வியாசர்பாடி பத்தாம் நம்பர்
வியாழன், இரவு 9.30

அக்கா, எனக்கு 23 வயது. கால்பந்து ஆடுகிறேன். எனக்கு வந்தது வேறு மாதிரி, ஆனால் எனக்கும் நார்மல் என்றுதான் மூன்று வருடம் சொன்னார்கள்.

ஸ்விட்ச் போட்டது போலத் திடீரென்று துடிப்பு 190-க்குப் போகும். பத்து நிமிடமோ அரை மணி நேரமோ கழித்து, ஸ்விட்சை அணைத்தது போலத் திடீரென்று நின்றுவிடும். மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். தேர்வு பயம் என்றார்கள். எனக்குத் தேர்வே முடிந்திருந்தது. ஒரு நாள் மைதானத்தில் வந்தபோது நண்பர்கள் வண்டியில் அள்ளிப்போட்டு, துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈசிஜி அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அந்த ஒரு தாளில் தெரிந்துவிட்டது. எஸ்விடி என்றார்கள், அதாவது இதயத்தின் மேல்பகுதியிலிருந்து கிளம்பும் அதிவேகத் துடிப்பு. பிறவியிலேயே ஒரு கூடுதல் மின்பாதை இருந்திருக்கிறது. தொடைவழியாகக் குழாய் செலுத்தி அந்தப் பாதையைச் சுட்டு அடைத்தார்கள். அதற்குப் பெயர் அப்லேஷன். ஒரு வருடமாக ஒன்றும் இல்லை.

அதற்கு முன்பு ஒரு டாக்டர் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். உட்கார்ந்தபடி 10 மில்லி ஊசிக்குழாயின் முனையில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுத்துக் காலை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். எனக்கு மூன்றில் ஒரு முறை நின்றது. இது என் மாதிரி நோய்க்குத்தான், உங்களுக்கு வருவதற்கு அல்ல. டாக்டரிடம் கற்றுக்கொள்ளாமல் செய்ய வேண்டாம்.

பெரம்பூர் பென்ஷன்காரர்
வெள்ளி, காலை 6.15

நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன். இந்தியாவில் இதயத்துக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை முதலில் வெற்றியாக நடந்தது நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான், 1975-இல், டாக்டர் கே. எம். செரியன் செய்தார். அந்த மருத்துவமனையின் நிழலில் 40 வருடம் குடியிருந்துவிட்டு, என் நாடியை நானே பிடித்துப் பார்க்கத் தெரியாமல் இருந்தேன்.

67 வயதில் எனக்கு வந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். தையல்கார அம்மா சொல்வதுபோல ஒன்று தப்பி மற்றவை ஒழுங்காக வருவதல்ல. எந்தக் கணக்கும் இல்லாமல், மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல இருந்தது. வந்து வந்து போனதால் ஈசிஜியில் இரண்டு வருடம் மாட்டவில்லை. அதில் ஆபத்து என்னவென்றால் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்.

அறுபதைத் தாண்டியவர்கள் இந்த இழையைப் படித்தால், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். ஒழுங்கு தவறுவது அந்தக் குறுக்குவழியில் தெரியாமல் போய்விடும்.

தண்டையார்பேட்டை தையல்காரி
அடுத்த வாரம் சனி, மாலை 5.50

ஹோல்ட்டர் மாட்டிவிட்டார்கள். நெஞ்சில் ஐந்து இடத்தில் ஒட்டியிருக்கிறது, இடுப்பில் சிறிய பெட்டி. நாளை மாலைவரை குளிக்கக் கூடாது. உணரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தி, மணியையும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்கள். நான் சோபாவில் படுத்திருக்கவா, வேலை செய்யவா?

பழைய ஈசிஜி அறை
சனி, மாலை 6.20

மெஷினை மிதியுங்கள், மாடி ஏறுங்கள், டீ குடியுங்கள், இடப்பக்கம் படுங்கள். வழக்கமான நாளைத்தான் அது பார்க்க வேண்டும். ஹோல்ட்டர் என்பது அதைக் கண்டுபிடித்த அமெரிக்கரின் பெயர். 1940களின் இறுதியில் அவர் முதுகில் சுமந்த முதல் கருவி சுமார் 38 கிலோ. உங்கள் இடுப்பில் இருப்பது அதன் பேத்தி. வியர்வையில் ஒட்டுப் பட்டை கழன்றால் மட்டும் அழுத்திவிடுங்கள், இல்லையென்றால் பதிவு போய்விடும்.

எண்ணூர் அத்தை
சனி, இரவு 8.00

மருமகளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவளுக்குச் சிறுவயதில் வீசிங் இருந்ததாம். எனக்கு இதுவரை தெரியாது. மாத்திரையை எடுத்துப் போட்டுவிட்டேன்.

தண்டையார்பேட்டை தையல்காரி
மறுவாரம் வியாழன், இரவு 10.30

முடிவு வந்துவிட்டது. அனைவருக்கும் முழுதாகச் சொல்ல வேண்டும் என்று பையன் தூங்கும்வரை காத்திருந்தேன்.

24 மணி நேரத்தில் மொத்தம் 1,02,340 துடிப்பு. அதில் முந்திக்கொண்டு வந்தவை 1,146. கீழறையிலிருந்து கிளம்புகிறவை என்று எழுதியிருக்கிறது. டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார், நூற்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். பத்து, பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால்தான் நாளடைவில் இதயத் தசை தளரக்கூடும் என்று கவலைப்படுவார்களாம். தொடர்ச்சியாக ஓடியது ஒன்றுகூட இல்லை. ஏன் வருகிறது என்று கேட்டேன். எக்கோவில் தழும்போ வீக்கமோ இல்லை, ரத்தத்தில் உப்பு அளவு, தைராய்டு சரியாக இருக்கின்றன, இப்படிக் காரணம் தெரியாமல் பலருக்கும் வருகிறது என்றார்.

நான் 14 முறை பொத்தானை அழுத்தியிருந்தேன். நோட்டையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 11 இடத்தில் சரியாக அந்தத் துடிப்பு இருந்தது. இரவு 2.10 என்று நான் எழுதியிருந்தேன், பதிவிலும் 2.10. அந்தத் தாளைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். நோய் இருக்கிறது என்று அழவில்லை. இரண்டு வருடமாக நான் சொன்னது உண்மை என்று ஒரு காகிதம் முதன்முறையாகச் சொல்லியது.

மீதி மூன்று இடத்தில் துடிப்பு ஒழுங்காகவே இருந்தது. அங்கே நான் பயத்தில் காத்திருந்திருக்கிறேன், வரப்போகிறது என்று நினைத்தே அழுத்திவிட்டேன். அதையும் இங்கே மறைக்காமல் சொல்கிறேன். டாக்டர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டும் உங்கள் நெஞ்சில்தான் நடந்தது என்றார்.

மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். இப்போது வேண்டாம், தாங்க முடியாமல் போனால் பார்க்கலாம் என்றார். வரும் துடிப்பையெல்லாம் மருந்தால் அடக்குவது நல்லதுதானே என்றேன். அப்படித்தான் முன்பு எல்லோரும் நம்பினார்களாம். அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களுக்கு அப்படிச் சில மருந்துகளைக் கொடுத்து ஆய்வு செய்தபோது, கூடுதல் துடிப்பு குறைந்தது, ஆனால் இறந்தவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டதாம். 1989-இல் அந்த மருந்துகளை ஆய்விலிருந்து நிறுத்தினார்களாம். என்னை நாற்காலியில் உட்காரவைத்து இவ்வளவு சொன்ன முதல் டாக்டர் இவர்.

கொருக்குப்பேட்டை மகன்
வியாழன், இரவு 11.05

அக்கா, அந்தத் தாளின் நகல் இரண்டு எடுத்து வையுங்கள். அசல் மங்கிவிடும். அடுத்த எக்கோ எப்போது என்று கேட்டீர்களா?

தண்டையார்பேட்டை தையல்காரி
வெள்ளி, காலை 7.40

கேட்டேன் தம்பி. ஒரு வருடம் கழித்து, அல்லது மயக்கம், மூச்சுவாங்கல் வந்தால் உடனே. ஃபைல் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது என்று கணவருக்கும் பையனுக்கும் காட்டிவிட்டேன்.

நேற்று இரவும் வந்தது. ஒன்று, பிறகு இரண்டு. இந்த முறை மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன். பயம் போகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று தெரியவில்லை. காலையில் நோட்டில் எழுத வேண்டிய நேரம் நினைவுக்கு வராததால் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

காசிமேடு மெக்கானிக்
வெள்ளி, காலை 8.10

காலியாகவே இருக்கட்டும் தங்கை. வெயில் காலம் வருகிறது, மெஷின் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்.